அத்தியாயம் 6: செல்லை மாற்றும் முன் சார்ஜரைப் பாருங்கள்

உத்தமபாளையத்தில் எந்த வீட்டுப் பரணில் கைவிட்டாலும் ஓர் எமர்ஜென்சி லைட் அகப்படும். பெரும்பாலும் 2012-ஐ ஒட்டி வாங்கியதாக இருக்கும். அந்த வருஷம் சென்னை நீங்கலாகத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். இப்போது அவ்வளவு மின்வெட்டு இல்லை. ஆனாலும் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வருகிறது. ஆடிக் காற்றில் தென்னை மட்டை ஒயர்மேல் விழுந்துவிட்டால் ராத்திரி எத்தனை மணிக்கு வரும் என்று லைன்மேனாலும் சொல்ல முடியாது.

அந்த நேரத்தில் பரணிலிருந்து லைட்டை இறக்கி சுவிட்சைப் போட்டால் ஒரு நொடி மினுக்கிவிட்டு அணையும். பேட்டரி செத்திருக்கும். எல்.இ.டி., சுவிட்ச், கைப்பிடி எல்லாம் புதுசு போலவே இருக்கும். உள்ளே இருக்கும் 4 வோல்ட் ஈய பேட்டரிக்கு ஒரு குணம் உண்டு. சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் அதன் தகட்டில் சல்பேட் படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. எமர்ஜென்சி லைட்டோ வருஷத்தில் பாதி நாள் சும்மா கிடக்கும் பொருள். அந்தப் பேட்டரியை அதில் வைத்ததே பொருத்தமில்லாத சம்பந்தம். லித்தியம் செல்லைப் பாதி சார்ஜில் பரணில் போட்டு ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

எனவே மாற்றலாம். எமர்ஜென்சி லைட், டார்ச், ரேடியோ, மருந்தடிக்கும் ஸ்பிரேயர், கடைத் தராசு என்று நம் பக்கத்து வீடுகளிலும் தோட்டங்களிலும் புழங்கும் பலவற்றை மாற்றலாம். செல்லை மாற்றுவது கால் மணி நேர வேலைதான். தப்பு நடக்கிற இடம் சார்ஜர். அதை என் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன்.

நான் முதலில் மாற்றிய லைட்டில், பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவிய செல் ஒன்றைப் பழைய ஒயரிலேயே இணைத்தேன். நன்றாக எரிந்தது. சந்தோஷத்தில் பிளக்கில் செருகிவிட்டுத் தூங்கப் போனேன். விடிகாலையில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்து எழுந்தேன். லைட்டின் முதுகு இளகிக் குழிந்திருந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கிடுக்கியால் பிடித்து முற்றத்து வாளித் தண்ணீரில் அமுக்கினேன். பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். செல்லைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஈய பேட்டரிக்கான சார்ஜரில் லித்தியத்தை மாட்டியது நான். இந்த அத்தியாயத்தை அந்த வாடை மறக்காமல்தான் எழுதுகிறேன்.

இரண்டு வகை, ஆறு எண்கள்

வீட்டு வேலைக்கு இரண்டு வகை லித்தியம் செல் தெரிந்தால் போதும்.

முதலாவது, லேப்டாப்பிலும் பவர் பேங்கிலும் இருக்கும் லித்தியம் அயன். சோனி நிறுவனம் 1991-இல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் போட்ட ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதன் பெயரளவு வோல்ட் 3.7. முழு சார்ஜில் 4.2. மூன்று வோல்ட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது. நாம் அதிகம் பார்க்கும் 18650 என்பது அளவின் பெயர். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், கடைசிச் சுழி உருளை வடிவம் என்பதற்கு.

இரண்டாவது, லித்தியம் அயர்ன் பாஸ்பேட். குடினஃபின் டெக்சாஸ் ஆய்வுக்கூடத்தில் 1990-களில் உருவான வழி இது. பெயரளவு வோல்ட் 3.2. முழு சார்ஜில் 3.65. கீழ் எல்லை 2.5. அதே எடைக்கு லித்தியம் அயனைவிடக் குறைவாகத்தான் சேமிக்கும். ஆனால் சூட்டைத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது, இரண்டாயிரம் தடவைக்கு மேலும் சார்ஜ் ஏற்றி இறக்கலாம். வீட்டில் குழந்தைகள் கைபடும் பொருளுக்கும் தோட்டத்து வெயிலில் கிடக்கும் பொருளுக்கும் என் ஓட்டு இதற்குத்தான்.

கடையில் ஒரு குழப்பம் வரும். நம் வாயில் இரண்டுமே ‘அயன்’தான். ஒன்று மின்னேற்றம் கொண்ட அணுவைக் குறிக்கும் அயன், மற்றது இரும்பு. “லித்தியம் அயன் செல் குடுங்கண்ணே” என்று கேட்டு, எது வந்தது என்று பார்க்காமல் வந்து சார்ஜ் போட்டால் ஆபத்து. 3.65-இல் நிற்க வேண்டிய செல்லை 4.2 வரை ஏற்றினால் உப்பிக் கெடும். பெயரைச் சொல்லாமல் “3.2 வோல்ட் பாஸ்பேட் செல்” என்றோ “3.7 வோல்ட் செல்” என்றோ எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். வாங்கியதும் உறையில் அந்த எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தத் துறை நமக்கு அந்நியமும் இல்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தந்து காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், தான் வளர்த்த லித்தியம் அயன் செல் தொழில்நுட்பத்தை 2018-இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு மாற்றித் தர ஒப்பந்தம் போட்டது. ஆனாலும் இன்று நம் கடைகளில் கிடைக்கும் செல்களில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருபவைதான்.

இனி பொருத்தம். பழைய பொருளில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். இரண்டு பேட்டரிக் கட்டை போடும் 3 வோல்ட் பொருளுக்கு ஒரே ஒரு பாஸ்பேட் செல் சரியாக இருக்கும். புதுக் கட்டை இரண்டும் சேர்ந்து 3.2 வோல்ட்டாவது காட்டும், பாஸ்பேட்டும் அங்கேதான் நிற்கிறது. மூன்று கட்டைப் பொருளுக்கும் 4 வோல்ட் ஈய பேட்டரிக்கும் ஒரு 3.7 வோல்ட் லித்தியம் அயன். 6 வோல்ட்டுக்கு இரண்டு பாஸ்பேட் வரிசையாக. 12 வோல்ட்டுக்கு நான்கு. ஒற்றைக் கட்டைப் பொருளை, அதாவது சுவர்க் கடிகாரத்தையும் அது போன்றவற்றையும், விட்டுவிடுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பாதுகாப்பு போர்டு எதற்கு

‘பாதுகாப்புள்ள செல்’ என்று விற்பதில் செல்லின் அடியில் நாணயம் போல ஒரு சின்ன வட்ட போர்டு ஒட்டியிருக்கும். அதனால்தான் 65 மி.மீ. இருக்க வேண்டிய செல் 69, 70 மி.மீ. வரும். சில டார்ச்சில் மூடி திருகாது. வாங்கும் முன் அளந்துகொள்ளுங்கள். வோல்ட் 4.3-ஐ நெருங்கினால் அந்த போர்டு சார்ஜை நிறுத்தும். சுமார் 2.5-க்கு இறங்கினால் வெளியே கொடுப்பதை நிறுத்தும். ஒயர் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆனால் கண்சிமிட்டும் நேரத்துக்குள் துண்டிக்கும்.

வீட்டு மீட்டர் பக்கத்தில் எம்.சி.பி. இருக்கிறதே, அதற்குச் சமம் இது. எம்.சி.பி. இருக்கிறது என்பதற்காக யாரும் தினமும் ராத்திரி அதைத் தட்டிவிட்டு விளக்கை அணைப்பதில்லை. அதுபோல, தினசரி சார்ஜை நிறுத்தும் வேலையைப் பாதுகாப்பு போர்டின் தலையில் கட்டக் கூடாது. 4.2-இல் தானாக நிற்பது சார்ஜரின் வேலை. சார்ஜர் தவறினால் மட்டும் போர்டு வர வேண்டும். “பாதுகாப்பு செல்தானே, பழைய சார்ஜரே போதும்” என்று நல்ல மெக்கானிக்குகளே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது ஏன் தவறு என்பதை எமர்ஜென்சி லைட்டைத் திறந்தால் கண்ணாலேயே பார்க்கலாம்.

எமர்ஜென்சி லைட்டைத் திறப்போம்

பிளக்கிலிருந்து எடுத்துவிட்டுத் திறக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பீர்கள். சொல்கிறேன், ஏனென்றால் இந்த மலிவு லைட்களில் பேட்டரி ஒயரைத் தொட்டாலே 230 வோல்ட் அடிக்கும். முதுகில் நான்கு திருகு இருக்கும். ஐந்தாவது ஒன்று ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும். விரலால் தடவினால் குழி தட்டுப்படும்.

உள்ளே ஈய பேட்டரி பக்கவாட்டில் உப்பி, பிளாஸ்டிக் பள்ளத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். முனைகளைச் சுற்றிச் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அமிலத்தின் மிச்சம் அது. வெறுங்கையால் தொடாமல், ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

இப்போது சின்ன சர்க்யூட் போர்டைப் பாருங்கள். அரக்கு நிறத்தில் பெரிய கடலை மிட்டாய்த் துண்டு போல ஒன்று நின்றுகொண்டிருக்கும். மேலே 105 என்ற எண்ணும் 400 வோல்ட் என்றும் இருக்கும். அது ஒரு மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். பக்கத்தில் நான்கு கறுப்பு டையோடு. இவ்வளவுதான் அந்த லைட்டின் சார்ஜர். டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. வீட்டுக் கரண்டை நேராக எடுத்து, அந்தக் கெபாசிட்டர் வழியாகச் சுமார் 70 மில்லி ஆம்பியர் கசியவிடுகிறார்கள். பேட்டரி நிரம்பியதா என்று பார்க்க அதற்குக் கண் இல்லை. ஈய பேட்டரி பொறுமையானது. மிஞ்சிய கரண்டைத் தன் உள்ளீரத்தைக் கொதிக்கவிட்டுச் சமாளித்து, மெல்ல மெல்ல வற்றிச் சாகும். லித்தியத்தில் வற்ற ஈரமில்லை. வோல்ட் ஏறிக்கொண்டே போகும்.

பாதுகாப்பு போர்டு இருந்தால் 4.3 பக்கத்தில் துண்டித்துவிடுமே என்றால், துண்டிக்கும். துண்டித்த கணத்தில் என்ன நடக்கும்? அதுவரை வோல்ட்டை அமுக்கிப் பிடித்திருந்தது பேட்டரிதான். அது விலகியதும், தாங்க ஆளில்லாமல் அந்த ஒயரில் வோல்ட் நூற்றுக்கணக்கில் எகிறக்கூடும். பாதுகாப்பு போர்டில் உள்ள சிப்பு சுமார் இருபது வோல்ட் மட்டுமே தாங்கும். அது புகைந்துபோனால் காவலாளும் இல்லை, சார்ஜும் நிற்காது. என் வீட்டு முற்றத்தில் வாளிக்குள் போனதும் இப்படி சார்ஜ் நிற்காத ஒன்றுதான்.

ஆகவே முதல் வேலை, அந்தக் கெபாசிட்டர் சார்ஜரை முழுக்க நீக்குவது. பிளக் முனையிலிருந்து வரும் இரண்டு ஒயரையும் வேரோடு வெட்டி எடுத்துவிடுங்கள். ‘இருந்துட்டுப் போகட்டும்’ என்று விடக் கூடாது.

அதன் இடத்தில் டி.பி.4056 என்ற சிப்பு கொண்ட சின்ன சார்ஜர் போர்டை வையுங்கள். கட்டைவிரல் நுனி அகலம்தான் இருக்கும். சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. செல்போன் சார்ஜரிலிருந்து 5 வோல்ட் வாங்கி, 4.2 வோல்ட்டில் தானாக நிறுத்தும். இதில் இரண்டு ரகம் உண்டு. வெறும் சார்ஜர் மட்டும் உள்ளது ஒன்று, பாதுகாப்பும் சேர்ந்தது ஒன்று. வெளிப்பக்கத்தில் இரண்டு இணைப்புப் பொட்டு இருந்தால் வெறும் சார்ஜர். பி+, பி-, அவுட்+, அவுட்- என்று நான்கு பொட்டு இருந்தால் பாதுகாப்பு சேர்ந்தது. நான்கு உள்ளதையே வாங்குங்கள்.

செல்லை பி+, பி- பொட்டுகளில் இணைக்க வேண்டும். விளக்கை அவுட்+, அவுட்- பொட்டுகளில் இணைக்க வேண்டும். பலர் விளக்கையும் பி பொட்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். விளக்கு எரியும், எல்லாம் சரி போலத் தெரியும். ஆனால் செல் அடிவரை இறங்கினாலும் தடுக்க ஆள் இருக்காது. பி மைனஸும் அவுட் மைனஸும் ஒன்றுதான் என்று நினைத்துச் சேர்த்துவிடுவதும் இதே தப்பு. பாதுகாப்பு சிப்பு அந்த இரண்டுக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. சேர்த்தால் அதைத் தாண்டிப் பாதை போட்டதாகிவிடும். உலோக உடம்புள்ள டார்ச்சில் இது தெரியாமலே நடக்கும். செல்லின் மைனஸ் முனை டார்ச் உடம்பைத் தொடாமல் காகித வாஷர் போடுங்கள். கடையில் ‘பார்லி பேப்பர்’ என்று கேட்டால் கிடைக்கும்.

பிளஸ் மைனஸ் மாறினால் போர்டு அந்த நொடியே போய்விடும். மல்டிமீட்டரில் பார்த்து, சிவப்பு கறுப்பு ஒயர் போட்டு, அதற்குப் பிறகு சால்டரிங் அயனைக் கையில் எடுங்கள். செல்லின் முனையில் நேரடியாக ஈயம் பற்றவைக்கக் கூடாது. அந்தச் சூடு உள்ளே இருக்கும் மெல்லிய தாளைக் கெடுக்கும். நிக்கல் பட்டை ஏற்கெனவே ஒட்டிய செல்லாக வாங்கி, பட்டையின் நுனியில் பற்றவையுங்கள். இல்லாவிட்டால் செல் ஹோல்டர் போட்டுவிடுங்கள். வீட்டில் செய்கிறவர்களுக்கு ஹோல்டரே உத்தமம்.

சார்ஜ் ஏறும்போது இந்த போர்டு நன்றாகவே சுடும். செல்லை ஒட்டி வைக்காமல் இரண்டு விரல் தள்ளி, லைட்டின் பக்கச் சுவரில் ஒட்டுங்கள். யு.எஸ்.பி. வாய்க்குப் பிளாஸ்டிக்கில் துளை போட்டுக்கொள்ளுங்கள். டைப்-சி வாய் உள்ள சில போர்டுகள் இரு முனையும் டைப்-சி ஆன ஒயரில் சார்ஜ் ஏறாது. பழைய அகல முனை ஒயரில் ஏறும். போர்டு பழுது என்று தூக்கிப் போடாதீர்கள்.

இந்த மாற்றத்தில் ஒரு வசதியை இழக்கிறோம். கரண்ட் போனதும் தானாக எரிவது இனி நடக்காது, சுவிட்சைப் போட வேண்டும். அந்த வசதியைக் காப்பாற்றச் சிலர் பழைய சர்க்யூட்டோடு முடிச்சுப் போடுகிறார்கள். பாதுகாப்புக்காக அதை விட்டுக்கொடுப்பதுதான் சரி என்பது என் முடிவான கருத்து.

முதல் சார்ஜை ராத்திரியில் போடாதீர்கள். பகலில், சிமெண்டுத் தரையில், கண்முன்னே வைத்து, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை செல்லைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு சரியில்லை. போர்டில் சிவப்பு அணைந்து நீலமோ பச்சையோ வந்ததும் செல்லின் இரு முனையிலும் மீட்டரை வையுங்கள். 4.15-க்கும் 4.2-க்கும் நடுவில் காட்டினால் வேலை முடிந்தது.

ஸ்பிரேயர்: முதுகுக்கு இரண்டு கிலோ குறையும்

நம் கம்பம் பள்ளத்தாக்கில் லித்தியம் மாற்றத்தால் உடம்புக்கே லாபம் தெரிவது ஸ்பிரேயரில்தான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி பக்கம் போனால் சாலையின் இருபுறமும் பந்தல்தான். பெரிய தோட்டங்களில் எஞ்சின் வைத்து ஓஸ் இழுத்து அடிப்பார்கள். சின்னத் துண்டு வைத்திருப்பவர்களும் வாழை, காய்கறி போட்டவர்களும் முதுகில் மாட்டும் 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயரை நம்பியிருக்கிறார்கள். தண்ணீரே 16 கிலோ. அதன் அடியில் 12 வோல்ட், 8 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரி இரண்டரை கிலோவுக்குப் பக்கம். அதைச் சுமந்து பந்தலுக்கு அடியில் குனிந்தபடி நடக்க வேண்டும்.

32700 அளவுள்ள 6 ஆம்பியர்-அவர் பாஸ்பேட் செல் ஒன்று சுமார் 145 கிராம். நான்கு சேர்ந்தால் அறுநூறு கிராமுக்குள் முடியும். முதுகிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு கிலோ இறங்குகிறது. கோகிலாபுரத்து விவசாயி ஒருவருக்கு இதைச் செய்து கொடுத்தபோது, மாட்டிப் பார்த்துவிட்டு, “டேங்க்ல தண்ணி ஊத்தலையோன்னு மூடியத் தொறந்து பாத்தேன்” என்றார்.

எட்டுக்குப் பதில் ஆறு போட்டால் நேரம் குறையாதா என்று கேட்பீர்கள். ஈய பேட்டரியில் எழுதியிருக்கும் 8 என்பது இருபது மணி நேரம் நிதானமாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு, அதாவது 0.4 ஆம்பியர் வீதம். ஸ்பிரேயர் மோட்டார் 3 ஆம்பியர் இழுக்கும். அந்த வேகத்தில் எடுத்தால் எட்டு என்பது ஐந்து ஆறில் வந்து நிற்கும். பாஸ்பேட் செல் அந்த வேகத்திலும் ஏறக்குறைய முழு ஆறையும் கொடுக்கும். இரண்டு மணி நேரம் விடாமல் அடிக்கலாம்.

3.7 வோல்ட் செல் மூன்றைச் சேர்த்தாலும் ஓடும். ஆனால் சார்ஜ் இறங்க இறங்க 12.6-லிருந்து 9 வரை சரியும், மருந்து விசிறியடிக்காமல் சொட்டும். நான்கு பாஸ்பேட் 13 வோல்ட் பக்கத்திலேயே கடைசிவரை நிற்கும். அதில் கவனிக்க வேண்டியதும் அதுதான். ஈய பேட்டரி தீரும்போது மோட்டார் முனகி முன்கூட்டியே சொல்லும். இது சொல்லாது, நின்றுவிடும். டேங்க் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே நாளில் வாங்கியதாக இருக்க வேண்டும். இணைக்கும் முன் ஒவ்வொன்றையும் 3.65 வோல்ட் சார்ஜரில் தனித்தனியாக நிரப்பிச் சமமாக்குங்கள். டி.பி.4056-ஐ இதற்குத் தொடவே கூடாது, அது 4.2 வரை ஏற்றிவிடும். நான்கு பாஸ்பேட் செல்லுக்கென்று, சமன் செய்யும் வசதியோடு, 15 அல்லது 20 ஆம்பியர் தாங்கும் பி.எம்.எஸ். போர்டு, அதாவது பல செல்லுக்கான பாதுகாப்பு போர்டு, வாங்குங்கள். அதன் சமன் ஒயர்கள் வரிசை மாறினால் போர்டு போய்விடும். செருகும் முன், செல் வரிசையின் மைனஸ் முனையில் மீட்டரின் கறுப்பு முனையை வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு ஒயராகத் தொட்டுக்கொண்டு போங்கள். 3.3, 6.6, 9.9, 13.2 என்று வாய்ப்பாடு போல ஏற வேண்டும். நடுவில் ஒன்று பிசகினால் செருகாதீர்கள். பிளஸ் ஒயரில் 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம்.

பழைய சார்ஜரை வைத்துக்கொள்ளலாமா? எதிலும் மாட்டாமல் அதன் முனையில் மீட்டரை வையுங்கள். 14.6-க்கு மேல் காட்டினால் வேண்டாம். சில மலிவு சார்ஜர் 16, 17 காட்டுகிறது. பாஸ்பேட்டுக்கென்று 14.6 வோல்ட் சார்ஜர் தனியாகவே கிடைக்கிறது. அதையே வாங்கச் சொல்வேன்.

ஸ்பிரேயரைத் திறக்கும் முன் சோப்புத் தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவிக் காயவிட்டு, கையுறை போட்டுத் திறங்கள். பேட்டரி அறையின் இடுக்கில் மருந்துப் படிவு இருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. அந்த அறை டேங்குக்கு அடியில் இருப்பதால் ஓஸ் இணைப்பில் கசியும் சொட்டு அங்கேதான் இறங்கும். மூடிய ஈய பேட்டரி அதைப் பொருட்படுத்தியதில்லை, பி.எம்.எஸ். போர்டு பொறுக்காது. ஸ்லீவ் போட்டு மூடி, விளிம்பில் சிலிகான் பசை பூசுங்கள். செல்கள் ஆடி உரசாமல் சுற்றிலும் ஃபோம் திணியுங்கள்.

ரேடியோ, தராசு

கொடைக்கானல் எஃப்.எம்.மை 100.5-இல் வைத்துவிட்டு வேலை பார்க்கிற பெரியவர்கள் இன்னும் பல வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுடைய ரேடியோவில் 5 வோல்ட்டாக உயர்த்தும் கன்வெர்ட்டர் போர்டை வைக்காதீர்கள். அந்த போர்டு வேகமாகத் துடித்துத் துடித்து வேலை செய்வதால், மதுரை வானொலியை மத்திய அலையில் வைத்தால் பாட்டுக்குப் பின்னால் இரைச்சல் கேட்கும். மூன்று கட்டை ரேடியோவுக்கு ஒரு 3.7 வோல்ட் செல், இரண்டு கட்டை ரேடியோவுக்கு ஒரு பாஸ்பேட் செல், நேராக இணைத்தால் சத்தமில்லாமல் பாடும். சார்ஜ் ஏறும்போது ரேடியோவை அணைத்துவைக்கச் சொல்லுங்கள். பாடிக்கொண்டே சார்ஜ் ஏறினால், செல் நிரம்பியதா என்று சார்ஜருக்குப் பிடிபடாது.

பூக்கடை, காய்கறிக் கடைத் தராசில் 6 வோல்ட் ஈய பேட்டரி இருக்கும். இரண்டு பாஸ்பேட் செல்லும் அதற்கான பி.எம்.எஸ்.ஸும் அந்த இடத்தில் கச்சிதமாக உட்காரும். ஆனால் தராசில் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்கிறது. பேட்டரி மூடி தனியாகத் திறக்கும்படி இருந்தால் மட்டும் கைவையுங்கள். முத்திரையை உடைத்தால்தான் பேட்டரிக்குப் போக முடியும் என்றால் தொடாதீர்கள். தராசுக்குள்ளேயே இருக்கும் சார்ஜரின் வோல்ட்டையும் அளந்து பாருங்கள். இரண்டு பாஸ்பேட்டுக்கு 7.3 தான் உச்சம்.

கைவைக்க வேண்டாதவை

கொசு பேட்டை மாற்றித் தரச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். நான் மறுத்துவிடுகிறேன். அதிலும் அதே கெபாசிட்டர் சார்ஜர்தான். போதாததற்கு, வலையில் பாயும் உயர் வோல்ட் அணைத்த பிறகும் உள்ளே தங்கியிருக்கும். யு.எஸ்.பி.யில் சார்ஜ் ஏறும் லித்தியம் பேட்டே கடையில் விற்கிறது.

சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் சாதாரணக் கட்டையே வருஷக்கணக்கில் வரும். அந்த அளவிலேயே 14500 என்று ஒரு லித்தியம் செல் இருக்கிறது. பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் 3.7 வோல்ட். 1.5 வோல்ட் கடிகாரத்தில் போட்டால் அது கருகும். வீட்டில் அந்த செல் இருந்தால் சிவப்பு டேப் சுற்றி, பெண்கள் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் காட்டி, தனி டப்பாவில் வையுங்கள். குழந்தைகளின் பொம்மைக்கு 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் போதும்.

வாங்கும்போதும் வழியனுப்பும்போதும்

18650 செல்லில் 9900 எம்.ஏ.எச். என்று அச்சடித்திருந்தால் அந்தக் கடையிலிருந்து வந்துவிடுங்கள். கடைகளில் நமக்குக் கிடைக்கும் நல்ல செல்லே 3500 பக்கத்தில்தான் நிற்கிறது. சந்தேகமாக இருந்தால் எடை போடுங்கள். நல்ல 18650 சுமார் 45 கிராம் வரும். போலியில் உள்ளே சின்ன செல்லை வைத்து மிச்சத்தை மணலாலும் மாவாலும் நிரப்பியதைக் கூடப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஐ.எஸ். 16046 என்ற எண்ணோடு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு முத்திரை உறையில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய லேப்டாப்பில் உருவும் செல், 2 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அதற்கு உயிர் கொடுக்கப் பார்க்காதீர்கள்.

லித்தியத்தை 45 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை மாதத்துத் தகர ஷெட் மத்தியானத்தில் அதைத் தாண்டும். ஸ்பிரேயரை நிழலில் ஆறவிட்டு, சாயங்காலம் சார்ஜ் போடுங்கள். புகை வந்தால் கரண்டை நிறுத்திவிட்டு, தூரத்தில் நின்று தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். சின்ன செல்லுக்குத் தண்ணீர்தான் மருந்து, அது பக்கத்து செல்லுக்குச் சூடு பரவாமல் குளிர்விக்கும். அந்தப் புகையைச் சுவாசிக்காதீர்கள்.

உப்பிய செல்லையும் செத்த செல்லையும் பேரூராட்சிக் குப்பை வண்டியில் போடாதீர்கள். குப்பையை அமுக்கும்போது அது தீப்பிடித்தால் எரிவது தூய்மைப் பணியாளரின் கை. இரு முனையிலும் டேப் ஒட்டி, பேட்டரி விற்பவரிடமே திருப்பிக் கொடுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. கழற்றிய ஈய பேட்டரிக்கு எடைக்கு எடை காசு உண்டு, அதையும் பேட்டரிக் கடையிலேயே கொடுத்துவிடலாம்.

எமர்ஜென்சி லைட்டை மூடித் திருகும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பழைய பிளக் முனை இருந்த ஓட்டையில் எம்-சீலைப் பிசைந்து அடைத்துவிடுங்கள். உங்களுக்குத் தெரியும், வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியாது. இருட்டில் ஓட்டையைத் தடவி யாரும் பழைய ஒயரைச் செருகிவிடக் கூடாது. பிறகு வெள்ளை டேப் ஒன்றை முதுகில் ஒட்டி, அழியாத மார்க்கரால் எழுதுங்கள்: லித்தியம், 3.7 வோல்ட், செல்போன் சார்ஜரில் மட்டும் சார்ஜ் செய்யவும், மாற்றிய தேதி.